மூணு டிஸ்க், ஒரே டேட்டா... யாரைக் கேட்கறது?

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிற மாதிரி ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாமா? ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கு. அதே டேட்டாவை அப்படியே காப்பியா வெச்சிருக்கிற இன்னொரு டிஸ்க்கையும் பக்கத்துல மாட்டறோம். இப்போ ஃபைலைப் படிக்கிற வேகம் என்ன ஆகும்?

'ரெண்டு மடங்கு சார்!' என்று முதல் பெஞ்ச் கத்தும். 'அதே வேகம்தான் சார்' என்று கடைசி பெஞ்ச் முனகும். ரெண்டு பேருக்கும் பாதி மார்க்தான். முழு மார்க் யாருக்குத் தெரியுமா? 'எந்த டிஸ்க்கைக் கேட்கணும்னு ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படி முடிவு பண்ணுது சார்?' என்று திருப்பிக் கேட்கிறவருக்கு!

சும்மா வாய்ப்பந்தல் இல்லை, கணக்கு இருக்கு. 2013ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஒரு டெஸ்ட் பண்ணினாங்க. ஒரே மெஷின். அதுல ஒரே டேட்டாவை வெச்சிருக்கிற மூணு டிஸ்க். 15,360 எம்பி, அதாவது 15 ஜிபி டேட்டாவை மூணு புரோகிராம் ஒரே நேரத்துல படிக்கணும். முதல் முறையில் 161 செகண்ட் ஆச்சு. ரெண்டாவது முறையில் 297 செகண்ட். மூணாவது முறையில் வெறும் 54 செகண்ட்!

புது டிஸ்க் வாங்கலை. ராம் கூட்டலை. 'அடுத்த துண்டை எந்த டிஸ்க்கிட்ட கேட்கறது?' என்று முடிவு பண்ணுற சின்ன கோடை மட்டும் மாத்தினாங்க. அவ்வளவுதான். இந்த வாரம் அந்தக் கோடுக்குள்ளே கொஞ்சம் எட்டிப் பார்த்துட்டு வரலாம், வாங்க.

கண்ணாடி டிஸ்க்

ஒரே டேட்டாவை ரெண்டு அல்லது அதுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் அச்சு அசலா எழுதி வைக்கிறதுக்கு மிர்ரரிங் என்று பேர். கண்ணாடியில் தெரியுற மாதிரி, இங்கே இருக்கிறது அங்கேயும் இருக்கும். 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. விலை மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க் மாதிரி வேலை வாங்கலாம் என்பதுதான் விஷயம். ரெய்டு என்ற பேர் பிரபலமானது அதிலிருந்துதான். அதுல ரெய்டு 1 என்பது நம்ம கண்ணாடி டிஸ்க்.

மிர்ரரில் எழுதுறது சுலபமான முடிவு. எல்லா டிஸ்க்கிலும் எழுதியே ஆகணும், வேற வழியில்லை. ஆனா படிக்கிறதுக்கு ஒரு டிஸ்க் போதும். எல்லார்கிட்டயும் அதே டேட்டாதானே இருக்கு! அங்கேதான் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தலைவலி ஆரம்பிக்குது. யாரைக் கேட்கறது?

'யாரைக் கேட்டா என்ன?' என்று தோணுதா? அதுக்கு ஹார்ட் டிஸ்க் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியணும்.

ஹெட்டோட பயணம்

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு மேலே ஒரு கை நீண்டு இருக்கும். கையின் நுனியில் இருக்கிற ஹெட்தான் டேட்டாவைப் படிக்குது. சாதாரணமா நாம வாங்குற டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுத்து. செகண்டுக்கு 120. அப்போ ஒரு சுத்துக்கு 8.33 மில்லிசெகண்ட்.

உங்களுக்கு வேண்டிய டேட்டா எங்கோ தள்ளி இருக்கு என்று வெச்சுக்கலாம். கை அந்த இடத்துக்கு நகரணும். அதுக்குச் சராசரியா 8, 9 மில்லிசெகண்ட். போய்ச் சேர்ந்த பிறகு, தட்டு சுத்தி அந்த இடம் ஹெட்டுக்குக் கீழே வர்ற வரைக்கும் காத்திருக்கணும். சராசரியா அரை சுத்து, 4 மில்லிசெகண்ட் சொச்சம். மொத்தம் 13 மில்லிசெகண்ட். செகண்டுக்கு எத்தனை தடவை இப்படித் தாவ முடியும்? ஆயிரத்தை 13ஆல் வகுத்தா 77 தடவை. அவ்வளவுதான் அதோட சக்தி!

ஒவ்வொரு தாவலுக்கும் 4 கேபி படிச்சா செகண்டுக்கு 300 கேபி சொச்சம் கிடைக்கும். அதே டிஸ்க், தாவாம அடுத்தடுத்து இருக்கிறதை வரிசையாப் படிச்சா செகண்டுக்கு 100 எம்பிக்கு மேலேயே தரும். முந்நூறு மடங்கு வித்தியாசம்! ஆக, ஹார்ட் டிஸ்க்கில் படிக்கிறது செலவே இல்லை. தாவுறதுதான் செலவு.

எஸ்எஸ்டி வேற ஜாதி. அதுல தட்டும் இல்லை, கையும் இல்லை. எங்கே இருக்கிற டேட்டாவா இருந்தாலும் கேட்ட உடனே எடுத்துத் தரும். மேலே சொன்ன டெஸ்ட்டில் இருந்த மூணு டிஸ்க்கில் ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு எஸ்எஸ்டி. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடை

எக்ஸாம் சீசன். காலேஜ் வாசலில் வரிசையா மூணு ஜெராக்ஸ் கடை. மூணு கடையிலும் அதே 500 பக்க நோட்ஸ் இருக்கு. முதல் ரெண்டு கடை அண்ணன்களும் நோட்ஸைப் புரட்டிப் புரட்டிப் பக்கத்தைத் தேடி எடுப்பாங்க. தேடி எடுத்துட்டா, அதுக்கு அடுத்தடுத்த பக்கங்கள் மளமளன்னு வந்து விழும். மூணாவது கடையில் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. எந்தப் பக்கம் கேட்டாலும் பட்டனைத் தட்டினா பிரின்ட்!

மூணு மாணவர்கள் வர்றாங்க. ஒருத்தருக்கு முதல் யூனிட், ஒருத்தருக்கு மூணாவது, இன்னொருத்தருக்கு அஞ்சாவது. ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் பக்கமா, ஆனா வரிசையாக் கேட்பாங்க. வாசலில் நின்னு 'நீ இந்தக் கடைக்குப் போ, நீ அந்தக் கடைக்குப் போ' என்று அனுப்புற பொறுப்பு உங்களோடது. நீங்கதான் ஆபரேட்டிங் சிஸ்டம். எப்படி அனுப்புவீங்க?

முறை 1: வகுத்தல் கணக்கு

ஃப்ரீபிஎஸ்டி அந்த டெஸ்ட்டில் பயன்படுத்தினது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் இவங்க தலைமையில் உருவானது. 2005ல் ஓப்பன் சோர்ஸா வெளியே வந்தது. 2007ல் பாவெல் யாகூப் தாவிதெக் அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார்.

இசட்எஃப்எஸ்ஸில் ஆரம்பத்திலிருந்து இருந்த முறை ரொம்ப எளிமை. படிக்க வேண்டிய துண்டு எத்தனையாவது பைட்டில் ஆரம்பிக்குதுன்னு பாரு. அதுக்கு ஆஃப்செட் என்று பேர். அதை 2 எம்பியால் வகு. வந்த எண்ணை டிஸ்க்குகளோட எண்ணிக்கையால் வகுத்து மீதி எடு. மீதி 0 என்றால் முதல் டிஸ்க், 1 என்றால் ரெண்டாவது, 2 என்றால் மூணாவது. முடிஞ்சுது! ஸ்கூல் பையன்கூடப் போடுவான் இந்தக் கணக்கை.

இதுல ஒரு நல்லது உண்டு. எந்த டிஸ்க் என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கவே வேண்டாம். எல்லா டிஸ்க்குக்கும் சமமா வேலை போகும். பார்க்க நியாயமாவும் இருக்கு.

அந்த 'நியாயம்'தான் பிரச்னையே. மூணு கடைக்கும் ஆளுக்கு மூணில் ஒரு பங்கு. அப்போ மூணில் ரெண்டு பங்கு வேலை புரட்டித் தேடுற அண்ணன்களுக்கே போகும். பட்டன் கடைக்காரர் தன் பங்கை முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவார். எல்லா டிஸ்க்கும் ஒரே வேகம் என்று நினைச்சு எழுதின கோடு அது. நினைப்பு பொய்யாகும்போது நியாயமும் பொய்யாயிடுது.

அந்த டெஸ்ட்டில் இந்த முறைக்கு 161 செகண்ட். செகண்டுக்கு 95 எம்பி. ஒரு எஸ்எஸ்டி உட்பட மூணு டிஸ்க் இருந்தும், ஒத்தை ஹார்ட் டிஸ்க் தர்ற வேகம்தான்.

முறை 2: எங்கே க்யூ கம்மி?

சரி, கொஞ்சம் புத்திசாலித்தனமா யோசிப்போம். எந்தக் கடையில் கூட்டம் கம்மியோ அங்கே அனுப்பு. ரயில்வே கவுன்ட்டரில் நாம எல்லாரும் பண்றதுதானே! வேகமான கடையில் க்யூ சீக்கிரம் கரையும், அதனால அங்கே தானாவே அதிக ஆள் போவாங்க. லாஜிக் பக்கா.

லினக்ஸுக்கான இசட்எஃப்எஸ்ஸில் அப்போ இருந்தது இந்த முறைதான். அதையும் எடுத்து அதே மெஷினில் ஓட்டிப் பார்த்தாங்க. 297 செகண்ட்! செகண்டுக்கு 51 எம்பி. கண்ணை மூடிக்கிட்டு வகுத்தல் போட்டதைவிட மோசம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் 'பழைய முறையில் குறை இருக்கு, அதனால லோடு பேலன்ஸிங் சேர்த்தோம், வேகம் கூடிடுச்சு' என்று ஒரு ஸ்லைடு போடுறீங்க. லாஜிக் பக்கா. கேட்கிற யாரும் தலையாட்டுவாங்க. ஆனா ஓட்டிப் பார்த்தா வேகம் பாதியாயிருக்கு! அளந்து பார்க்காத வரைக்கும் அது யாருக்கும் தெரியாது.

ஏன் இப்படி ஆகும்? டெஸ்ட்டில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு தடவைக்கு 1 எம்பி கேட்டுச்சு. இசட்எஃப்எஸ் பெரிய ஃபைலை வழக்கமா 128 கேபி துண்டுகளாத்தான் வெச்சிருக்கும். அப்போ 1 எம்பி என்பது 8 துண்டு. முறை 1ல் 2 எம்பி வரைக்கும் ஒரே டிஸ்க் என்பதால், பெரும்பாலும் அந்த 8 துண்டும் ஒரே இடத்தில் வரிசையாப் படிக்கப்படும். ஒரே ஒரு தாவல், மீதி எல்லாம் மளமள.

முறை 2ல் ஒவ்வொரு துண்டுக்கும் 'இப்போ யார் கிட்ட க்யூ கம்மி?' என்று பார்த்துப் பார்த்து, 8 துண்டும் மூணு டிஸ்க்கில் சிதறிடும். மூணு புரோகிராமும் மாத்தி மாத்திக் கேட்கிறதால் ஹெட் முதல் யூனிட், அஞ்சாவது யூனிட், மூணாவது யூனிட் என்று துள்ளிக்கிட்டே இருக்கும். 128 கேபிக்கு ஒரு தாவல் என்றால் ஒரு ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 9 எம்பி தந்தாலே அதிகம். இன்னொரு கொடுமை, 8 துண்டில் 7 துண்டு வந்து சேர்ந்தாலும் எட்டாவது வர்ற வரைக்கும் புரோகிராம் காத்திருக்கணும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமா இருந்து என்ன பண்ண? கடைசியா வர்ற ஆளோட வேகம்தான் மொத்த வேகம்.

ஜெராக்ஸ் கடையில் பார்த்தா, அண்ணன் 41ஆம் பக்கத்தைத் திறந்து வெச்சிருக்கார். 42ஆம் பக்கம் வேணும் என்று வர்ற பையனை, 'பக்கத்துக் கடையில் கூட்டம் கம்மி' என்று நீங்க அனுப்பிடறீங்க. அவர் முதலிலிருந்து புரட்டித் தேடறார். கூட்டத்தை எண்ணினீங்க. திறந்திருக்கிற பக்கத்தைப் பார்க்கலை.

முறை 3: க்யூ + ஹெட் நிக்கிற இடம்

2013 அக்டோபரில் ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்டீவன் ஹார்ட்லாண்ட் சேர்த்த மாற்றம் இதைத்தான் சரி பண்ணிச்சு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு மார்க் போடு. யாருக்கு மார்க் கம்மியோ அவங்களைக் கேளு. மார்க் போடுற விதி இதுதான்.

முதல்ல க்யூவில் எத்தனை வேலை நிக்குதோ அத்தனை மார்க். அதுக்கு மேலே அபராதம். ஹார்ட் டிஸ்க்கா இருந்து, கடைசியாக் கேட்ட துண்டு முடியுற இடத்திலேயே புது துண்டு ஆரம்பிச்சா அபராதம் 0. சரியா அந்த இடம் இல்லை, ஆனா 1 எம்பி தூரத்துக்குள்ளே இருக்குன்னா பாதி அபராதம். அதைத் தாண்டினா முழு அபராதம், 5. எஸ்எஸ்டியா இருந்தா, தொடர்ச்சியா இருந்தா 0, இல்லாட்டி 1 மட்டும். அதுக்குத் தாவுறது பெரிய விஷயம் இல்லையே!

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. ஹார்ட் டிஸ்க் ஏ: க்யூவில் 2 பேர், ஆனா புது துண்டு கடைசித் துண்டுக்கு அடுத்ததே. மார்க் 2 + 0 = 2. ஹார்ட் டிஸ்க் பி: சும்மா உட்கார்ந்திருக்கு, ஆனா ஹெட் ரொம்ப தூரத்தில். 0 + 5 = 5. எஸ்எஸ்டி: க்யூவில் 3 பேர், துண்டு வேற இடம். 3 + 1 = 4. ஜெயிக்கிறது ஏ! பி சும்மா இருந்தும் அதைக் கூப்பிடலை. ஏன்னா அது தாவி வர்ற நேரத்துக்குள்ளே ஏ முடிச்சுடும்.

அதுக்காக ஏ தலையிலேயே எல்லாத்தையும் கட்டுமா? கட்டாது. ஏ க்யூ 6 ஆயிடுச்சு, எஸ்எஸ்டி க்யூ 5 ஆயிடுச்சு என்று வைங்க. ஏ 6, பி 5, எஸ்எஸ்டி 6. இப்போ பி தாவி வந்தாலும் லாபம்தான், அதனால அதுக்கு வேலை போகும். 5 என்ற அந்தச் சின்ன எண்தான், 'எவ்வளவு கூட்டம் சேர்ந்தா இன்னொருத்தரை எழுப்பலாம்?' என்ற கேள்விக்குப் பதில். இந்த எண்களை எல்லாம் அட்மினிஸ்ட்ரேட்டர் தன் மெஷினுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கவும் முடியும்.

எது சுத்துற டிஸ்க், எது எஸ்எஸ்டி என்று எப்படித் தெரியும்? டிஸ்க்கே சொல்லும்! 'நீ யாரு?' என்று ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்கும்போது சாட்டா டிஸ்க் தர்ற பதிலில் சுழலும் வேகத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ஹார்ட் டிஸ்க் அதுல 7200 மாதிரி எண்ணைத் தரும். எஸ்எஸ்டி 1 என்று தரும். 1 என்றால் 'நான் சுத்துறதே இல்லை' என்று அர்த்தம்.

முடிவு? 54 செகண்ட். செகண்டுக்கு 284 எம்பி. முதல் முறையைவிட மூணு மடங்கு, ரெண்டாவது முறையைவிட அஞ்சரை மடங்கு வேகம்.

பிரீஃபெட்ச் போடும் திரை

மேலே சொன்ன மூணு கணக்கும் பிரீஃபெட்ச் வசதியை அணைச்சுட்டு எடுத்தது. பிரீஃபெட்ச் என்றால், புரோகிராம் வரிசையாப் படிக்குதுன்னு தெரிஞ்ச உடனே, அது கேட்கிறதுக்கு முன்னாடியே அடுத்த துண்டுகளை எடுத்து ராமில் வெச்சுக்கிறது. 40, 41 என்று கேட்டவன் அடுத்து 42தான் கேட்பான் என்று முன்கூட்டியே ஜெராக்ஸ் போட்டு வைக்கிற மாதிரி.

அதை ஆன் பண்ணி அதே டெஸ்ட்டை ஓட்டினப்போ முதல் முறை 91 செகண்ட், ரெண்டாவது 108, மூணாவது 48. பார்த்தீங்களா? மோசமான ரெண்டாவது முறை 297லிருந்து 108க்கு வந்துடுச்சு. தப்பான முடிவு எடுத்தாலும் பிரீஃபெட்ச் அதுக்கு மேலே ஒரு திரை போட்டு மூடிடுது. ஆனா ரேங்க் மாறலை. ஃபர்ஸ்ட் வந்தவன் ஃபர்ஸ்ட்தான்.

இந்தத் திரையை எடுத்துட்டும் அளந்தாங்களே, அதுதான் கத்துக்க வேண்டிய விஷயம். பிரீஃபெட்ச்சோட மட்டும் அளந்திருந்தா '91க்கும் 108க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே' என்று விட்டிருக்கலாம். உங்க கோடை அளக்கணும்னா, அதைக் காப்பாத்துற மத்த வசதிகளை அணைச்சுட்டு ஒரு தடவை, ஆன் பண்ணி ஒரு தடவை அளங்க.

இன்னொண்ணு. மூணு மடங்கு என்பது அந்த மெஷினில், அந்த வேலைக்கு வந்த கணக்கு. வேகம் வேற வேறயான டிஸ்க்குகள், வரிசையாப் படிக்கிற புரோகிராம்கள் இருந்தாத்தான் லாபம் இவ்வளவு பெரிசா இருக்கும். ரெண்டு டிஸ்க்கும் ஒரே மாடல், கேட்கிறதெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணு என்றால், எப்படியும் தாவித்தான் ஆகணும். அங்கே மூணு மடங்கை எதிர்பார்க்காதீங்க.

முதல் பெஞ்சுக்குப் பதில்

இப்போ வைவா கேள்விக்குத் திரும்பலாம். ஒரே ஆள், ஒரே பெரிய ஃபைல், ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒற்றைப்படைத் துண்டை ஏ தரட்டும், இரட்டைப்படைத் துண்டை பி தரட்டும் என்று பிரிச்சா ரெண்டு மடங்கு வராதா?

வராது. ஏ டிஸ்க் 1ஆம் துண்டைப் படிச்சாச்சு. அடுத்து அதுக்கு வேண்டியது 3. நடுவில் 2 இருக்கே! தட்டு சுத்தும்போது 2ஆம் துண்டும் ஹெட்டுக்குக் கீழே கடந்து போய்த்தான் ஆகணும். படிச்சாலும் அதே நேரம், படிக்காம விட்டாலும் அதே நேரம். துண்டு பெரிசா இருந்தா கொஞ்சம் லாபம் பார்க்கலாம், ஆனா ரெண்டு மடங்கு கனவுதான். ரெண்டு ஆள் ரெண்டு ஃபைல் கேட்டா? ஆளுக்கொரு டிஸ்க், அட்டகாசமான ரெண்டு மடங்கு. மிர்ரரோட பலம் கூட்டம் வரும்போதுதான் தெரியும்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். மிர்ரர் இருக்கே, பேக்கப் எதுக்கு என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. புராஜெக்ட் ஃபோல்டரைத் தெரியாம டெலீட் பண்ணினா கண்ணாடியிலும் அதே நொடியில் டெலீட் ஆகும். ஒரு டிஸ்க் செத்தா மிர்ரர் காப்பாத்தும். நீங்களே அழிச்சா காப்பாத்தாது.

'ஒரே ஒரு காப்பியைத்தானே படிக்கிறோம், அது கெட்டுப் போயிருந்தா?' என்று கேட்டீங்கன்னா, சபாஷ்! இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் வெச்சிருக்கு. படிச்சது செக்சத்தோட ஒத்துப் போகலைன்னா அடுத்த டிஸ்க்கிலிருந்து நல்ல காப்பியை எடுத்து உங்களுக்குத் தரும். கெட்டுப்போன இடத்தையும் அதை வெச்சே சரி பண்ணிடும்.

பேப்பர், பேனா எடுங்க

இந்த வாரத்துக்கு ஒரு குட்டி வேலை. ஏ, பி என்று ரெண்டு ஹார்ட் டிஸ்க். ராஜா 0, 1, 2... என்று 100 துண்டு கேட்பார். ராணி 1,00,000, 1,00,001... என்று 100 துண்டு கேட்பார். ராஜா ஒண்ணு, ராணி ஒண்ணு என்று மாத்தி மாத்தி. க்யூ எப்பவும் காலி, ஆரம்பத்தில் ரெண்டு ஹெட்டும் எங்கோ வேற இடத்தில். மொத்தம் 200 துண்டில் எத்தனை தாவல்?

துண்டு எண்ணை 2ஆல் வகுத்து மீதி 0 என்றால் ஏ, 1 என்றால் பி என்று அனுப்பினா: 200க்கு 200ம் தாவல்! ஏன்னா ராஜாவோட 0ம் ராணியோட 1,00,000மும் ஏ கிட்டயே போகும், அடுத்த ரெண்டும் பி கிட்டயே போகும். எல்லாம் இழுபறி.

மூணாவது முறையில்? இங்கேதான் ஒரு வேடிக்கை. ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே மார்க் வந்தா, 'முதலில் இருக்கிற ஏ' என்று எடுத்துக்கிட்டீங்கன்னா, ராஜா ஏ, ராணி ஏ, மறுபடி ராஜா ஏ... இப்பவும் 200 தாவல்தான்! பி கடைசி வரைக்கும் தூங்கும். சமமா வந்தா துண்டு எண்ணின் மீதியை வெச்சு எடுங்க. ராஜாவோட 0 ஏவுக்கு, ராணியோட 1,00,000 ஏவுக்கு, ராஜாவோட 1 பிக்கு. அதுக்கப்புறம் ராணி ஏவிலேயே, ராஜா பியிலேயே! மொத்தம் 3 தாவல். யாரும் 'உனக்கு இது, எனக்கு அது' என்று பாகம் பிரிக்கலை. தானா அமைஞ்சுடுச்சு.

சமமா வந்தா யாரை எடுக்கிறது என்ற ஒரு வரி, 200ஐ 3 ஆக்குது பாருங்க. ஃப்ரீபிஎஸ்டி கோடிலும் சம மார்க் வந்தால் ஆஃப்செட்டை வெச்சுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறாங்க. எப்பவும் முதல் டிஸ்க் மேலேயே பாரம் விழக் கூடாது என்பதற்காக! தெரிஞ்ச லாங்வேஜில் 30 வரியில் எழுதிடலாம். மூணு ஆள், ரெண்டு டிஸ்க் என்று மாத்திப் பாருங்க, இன்னும் சுவாரஸ்யமா இருக்கும்.

கடைசியா, அந்த 297 செகண்ட் என்ன ஆச்சு? லினக்ஸ் பக்கத்துக்காரங்க 'எங்க முறையை மட்டம் தட்டிட்டாங்களே' என்று முறைச்சுக்கிட்டு உட்காரலை. ஃப்ரீபிஎஸ்டி முறையை 2016ல் தங்கள் கோடில் சேர்த்தாங்க. அதைச் சேர்க்கும்போது எழுதின குறிப்பிலேயே 161, 297, 54 என்ற மூணு எண்ணையும் மறைக்காமப் போட்டாங்க. 2017ல் வந்த 0.7 வெர்ஷனில் அது எல்லாருக்கும் கிடைச்சுது. தன் முறை தோத்த கணக்கைத் தன் கையாலேயே எழுதி வைக்கிறதுக்கு ஒரு தில் வேணும் இல்லையா? உங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஜெயிச்ச எண்ணுக்குப் பக்கத்தில் தோத்த எண்ணுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க. படிக்கிறவங்களுக்கு உங்க மேலே நம்பிக்கை வர்றதே அந்த வரியில்தான்.

ராஜா, ராணி கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு வாங்க. அடுத்த வாரம், டிஸ்க் பக்கமே போகாம ராமிலிருந்தே டேட்டாவைத் தர்ற கேஷ் பத்திப் பேசலாம்!